நாற்பது நாள் கறிவேப்பிலை

எலிக்கு வைத்திருந்த மருந்தை வேதமாணிக்கம் தன் மனைவிக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கறிவேப்பிலை மரத்து வேர்மூட்டில் ஊற்றிவிட்டார். நடந்த தப்பு அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய ஒரு ஊர் முழுக்க நாற்பது நாள் அலைய வேண்டியிருந்தது.

மேலப்பொத்தைக் கல்லூரியில் தாவரவியல் துறை லேப் அட்டெண்டர் அவர். வயது அறுபத்தொன்று. ஓய்வு கொடுத்து மாலை போட்டு அனுப்பிய பிறகு, எந்தக் குப்பி எந்த அலமாரியில் என்று சொல்ல ஆளில்லாமல் போகவே, மறு வாரமே கூப்பிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்கள். பேச்சு குறைவு. கேட்டதற்குப் பதில் வரும். கேட்காததற்கு முறைப்பு வரும். துறையில் அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. இலைச் சாறோ சக்கையோ எதையும் கை கழுவுகிற தொட்டியில் ஊற்றக் கூடாது. ஊற்றினால் அடைத்துக்கொள்ளும், அடைத்தால் குத்துகிறவர் அவர். அதனால் முப்பத்தேழு வருஷமாக அங்கே அரைத்தது, வடித்தது, வேகவைத்தது எல்லாமே துறைக்குப் பின்னால் நிற்கிற கறிவேப்பிலை மரத்துக்குத்தான் போனது. அரளிச் சாறும் ஊமத்தைச் சாறும் குடித்த மரம் என்று தெரிந்தும் ஊர் அதில்தான் இலை பறித்தது. அந்த மணம் வேறு மரத்துக்கு இல்லை என்றார்கள். துறையைப் பெருக்குகிற அம்மா தினமும் வேலை முடிந்து போகும்போது ஒரு கட்டு ஒடித்து முந்தானையில் போட்டுக்கொண்டு, போகிற வழியில் வாசல்வாசலாக ஆளுக்கு ஓர் இணுக்கு வைத்துவிட்டுப் போவாள். மேலப்பொத்தையில் யாரும் கறிவேப்பிலை கடையில் வாங்கியதில்லை.

ஷமீமா என்று ஓர் ஆராய்ச்சி மாணவி. கால்வாய்க் கரையில் இருந்து வல்லாரையைக் கூடைகூடையாகப் பறித்து வந்து, அரைத்து, சாற்றைச் சுற்றுகிற மிஷினில் போட்டுச் சுற்றி, வண்டலைத் தள்ளி, தெளிவை எடுத்து, அதை இன்னும் வேகமாகச் சுற்றி, மறுபடி சுற்றி, கடைசியில் ஒரு கூடை கீரைக்குக் குழாயின் அடியில் நகத்தில் அழுக்குப் படிந்த மாதிரி ஒரு கறை நிற்கும். அதற்குப் பெயர் நானோ.

"இத வச்சு என்ன செய்வ?" என்று வேதமாணிக்கம் ஒருநாள் கேட்டார். அவர் தானாகக் கேள்வி கேட்டது ஷமீமாவுக்கே அதிசயமாக இருந்தது.

"மூளையச் சுத்தி ஒரு மதிலு இருக்கு அண்ணாச்சி. எந்த மருந்தையும் லேசுல உள்ள விடாது. இது தூசிக்கும் தூசி. வல்லாரை தன் தோலுல தானே கட்டுற பொட்டலம். காவக்காரன் திரும்பிப் பாக்குறதுக்குள்ள மதிலத் தாண்டிரும்."

"தாண்டி?"

"வழி மறந்த எலிக்கு வழி ஞாபகம் வருதான்னு பாக்கணும்."

"பெறவு?"

"பெறவு இன்னும் கொஞ்சம் எலி. பெறவு அனுமதி கேக்கணும். பெறவு மனுஷங்க. ஒரு பத்து வருஷம் ஆகும்."

எப்சிபாய்க்குப் பத்து வருஷம் இல்லை. வேதமாணிக்கத்தின் மனைவி எப்சிபாய் ஊரில் பேர்போன ஜாக்கெட் டெய்லர். மூன்று தெருப் பெண்களின் அளவும் நோட்டைப் பார்க்காமல் சொல்லுவாள். முதலில் ஒரு கையை முன்பின்னாக மாற்றித் தைத்தாள். அப்புறம் ஒரு ஜாக்கெட்டுக்கு மூன்று கை வைத்தாள். அதை வாங்கிக்கொண்டு போனவள் ஒரு வார்த்தை சொல்லாமல் மூன்றாவது கையைப் பிரித்துச் சுருக்குப்பையாக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஊர் அப்படிப்பட்ட ஊர். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, மறதி நோய், மூளையில் வேண்டாதது படிகிறது என்றார்கள். காலையில் எல்லாம் நினைவிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேதமாணிக்கத்தைப் பார்த்து, "எந்தத் துணிக்கு வந்திய?" என்பாள். அவர் தட்டைக் கழுவப் போவார்.

ஒரு திங்கட்கிழமை, ஷமீமாவின் குளிர்பெட்டியில் இருந்த பன்னிரண்டு குழாயில் இரண்டை எடுத்து மோரில் கலந்து எப்சிபாய்க்குக் கொடுத்தார். மருந்து மதிலைத் தாண்டி உள்ளே போனது. ஷமீமா சொன்னது சரிதான். ஆனால் உள்ளே போகிற வழியாகவே வெளியேயும் வரலாம் என்பதை அவளும் யோசிக்கவில்லை, அவள் படித்த புத்தகங்களும் யோசிக்கவில்லை. பழைய துணியில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் தையல் கடகடவென்று பிரிந்து வருமே, அப்படி மூன்றே நாளில் எப்சிபாயிடம் இருந்ததெல்லாம் பிரிந்து போனது. ஊர் பெயர், தெருப் பெயர், செத்தவர், இருப்பவர், பெற்ற மகள், கட்டிய புருஷன், எல்லாம். வியாழக்கிழமை காலை எழுந்து உட்கார்ந்து, எதிரே நின்றவரைப் பார்த்து, மரியாதையாகச் சேலையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க சார், யாரப் பாக்கணும்?" என்றாள்.

வேதமாணிக்கம் கல்லூரிக்குப் போனார். மிச்சமிருந்த பத்துக் குழாயையும் எடுத்தார். உடைத்துப் போட்டிருக்கலாம், சாக்கடையில் கொட்டியிருக்கலாம். ஆனால் முப்பத்தேழு வருஷப் பழக்கம் கையில் இருந்ததே தவிர புத்தியில் இல்லை. பின்பக்கம் போய் மரத்து மூட்டில் ஊற்றினார். பிறகு ஷமீமாவிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"அண்ணாச்சி, அது எலிக்கு," என்றாள் அவள். அவள் இரண்டு வருஷ உழைப்பு அது. அழுது முடித்துவிட்டு, முகம் கழுவி வந்து, "அக்கா எப்படி இருக்காவ?" என்று கேட்டாள்.

எட்டாம் நாள் மரம் துளிர்த்தது. துளிரில் ஒரு மினுக்கம் இருந்தது, மீன் செதிள் ஒட்டினாற்போல. பெருக்குகிற அம்மா வழக்கம்போல ஒடித்து வழக்கம்போல வாசல்களில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு மேலப்பொத்தை கறிவேப்பிலை தின்றது. ரசத்தில் மிதந்ததைத் தின்றது, சட்னியில் அரைத்ததைத் தின்றது, முத்துக்குட்டியின் பரோட்டாக் கடைச் சால்னாவில் வெந்ததைத் தின்றது, பள்ளிவாசல் கஞ்சியிலும் அம்மன் கோயில் புளியோதரையிலும் பாதிரியார் வீட்டு மீன்குழம்பிலும் தின்றது, ஏழு நாள் அந்தத் துளிரைத் தின்று தீர்த்தது, எட்டாம் நாள் மரம் பழைய பச்சைக்குத் திரும்பிக்கொண்டது.

இலையை ஒதுக்கித் தட்டோரம் வைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மென்று விழுங்கியவர்களுக்கு, தாங்கள் வாழாத ஒரு நாள் நினைவுக்கு வந்தது.

முத்துக்குட்டிக்குத்தான் முதலில் வெளியே தெரிந்தது. மாவை வீசிக்கொண்டிருந்தவன், பார்சல் வாங்க வந்த போஸ்ட்மாஸ்டர் மனைவியைப் பார்த்து, "முப்பத்தாறு, கை ஏழு, பின்கழுத்து எறக்கம், இடதுதோள் ஒரு நூல் தாழ்ச்சி," என்றான். எங்கிருந்து வந்தது என்று சொன்னவனுக்கே தெரியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அவன் பதினோரு பெண்களுக்கு அளவு சொல்லி, நான்கு புருஷன்மாரிடம் அடி வாங்கியிருந்தான். பேங்க் மேனேஜருக்கு, ஐம்பது வயது ஆம்பிளைக்கு, பிரசவ வலி நினைவுக்கு வந்தது. கவுண்டருக்குப் பின்னால் துண்டை விரித்துப் படுத்து, எழுந்திருக்காமலே மூன்று பேருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் நேரே பஸ் ஏறிப் போய்த் தன் தாயாருக்குக் கால் பிடித்துவிட்டு வந்தார். சிரித்தே யாரும் பார்த்திராத தலைமையாசிரியை, காலை வணக்கத்தில் நின்றபடி, ஆறு வயதில் தான் திருடித் தின்ற கருப்பட்டித் துண்டை நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். அவர் கருப்பட்டியே தின்றதில்லை.

யாருடைய நாட்கள் இவை என்று யாரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று தெரு ஜாக்கெட் அளவு வேறு யாருக்குத் தெரியும்? எப்சிபாயிடமிருந்து பிரிந்ததெல்லாம், அதே மருந்தைக் குடித்த மரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊர் இதைப் பெரிய அதிசயமாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வீட்டுக் கோழி நம் வீட்டில் முட்டை இட்டுவிட்டால் என்ன செய்வோமோ அதுதான் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

அதையும் முத்துக்குட்டியே கண்டுபிடித்தான். வேதமாணிக்கம் வீட்டுக்குச் சண்டை போடத்தான் வந்தான்.

"வே, உம்ம வீட்டுக்காரி அளவெல்லாம் எனக்கு எதுக்குவே? நான் தொழில் பண்ணவா, இல்ல ஊர்ப் பொம்பளையளுக்கு இஞ்சு சொல்லிக்கிட்டு கெடக்கவா?"

வேதமாணிக்கம் முறைத்தார்.

"முறைக்காதயும். ஆஸ்பத்திரித் தெரு கண்ணாடி டீச்சர், முப்பத்தெட்டு, கை ஏழு..."

முன்னறையில் எப்சிபாய் தன் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் போன பிறகும் கால் மட்டும் மிதிக்க மறக்கவில்லை. ஊசியில் நூலில்லை, அடியில் துணியில்லை, நாள் முழுக்க மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். முத்துக்குட்டி சொன்னதும் அந்தக் கால் நின்றது.

"ஏழரை," என்றாள் எப்சிபாய். "டீச்சருக்குக் கை ஏழரை. ஏழு வச்சா முழங்கைய மடக்க முடியாது, போர்டுல எழுதணும்லா."

முத்துக்குட்டி கண்ணாடி டீச்சரின் அளவைத் திரும்ப நினைத்துப் பார்த்தான். இல்லை. நாக்கில் கறிவேப்பிலைக் கசப்பு மட்டும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் ஹாலில் கூடினார்கள். ஜமாத் தலைவரும் அம்மன் கோயில் தர்மகர்த்தாவும் வந்திருந்தார்கள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை எப்சிபாய்க்கு முகம் தெளிவாக இருக்கும், அப்போது ஒவ்வொருவராகப் போய்த் தங்களிடம் உள்ளதைச் சொல்வது என்று முடிவானது. அவள் காதுக்குப் போகுமுன் அவள் நினைப்பு டீக்கடைக் காதுக்குப் போகக் கூடாது. முத்துக்குட்டி தன்னிடம் உள்ள அளவுகளைத் திருப்பிக் கொடுக்குமுன் பெண்கள் வேண்டுமானால் குறித்துக்கொள்ளலாம். மறுநாள் பரோட்டாக் கடை வாசலில் பென்சிலோடு பெண்கள் வரிசை நின்றார்கள். முத்துக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

அப்படியே நடந்தது. தினமும் பத்து மணிக்கு எப்சிபாய் வீட்டு முன்னறையில், துணி கொடுக்க வருகிறவர்கள் உட்காருகிற முக்காலியில் யாராவது வந்து உட்காருவார்கள். 'எனக்கு' என்றுதான் ஆரம்பிப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்குள் அது அப்படித்தான் இருந்தது. எனக்கு அம்மை போட்டிருந்தது, எனக்கு எங்கப்பா ரிப்பன் வாங்கி வந்தார், எனக்குக் கிணற்றடியில் கால் வழுக்கியது. மிதிக்கிற கால் நிற்கும். சொன்னது அவளிடம் போய்ச் சேரும். சொன்னவர் எழுந்து, நாக்கில் கசப்போடு, வீட்டில் ஓர் அறையைப் பூட்டிவிட்டு வந்தவர் மாதிரித் தெருவில் நடந்து போவார். தலைமையாசிரியை மூன்று நாள் லீவு போட்டு அந்தக் கருப்பட்டியை வைத்திருந்து பார்த்துவிட்டு, நாலாம் நாள் வந்து கொடுத்தார். மறுபடி அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

ஷமீமா மூலையில் உட்கார்ந்து யார், என்ன, எந்த நாள் தின்றது என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

பேங்க் மேனேஜர் வந்து வலியைச் சொன்ன அன்று, எப்சிபாய் மிஷினை விட்டு எழுந்து, "ஜாஸ்லின் எங்க?" என்றாள். மகள் மஸ்கட்டில் நர்ஸ். உடனே போன் போட்டுக் கொடுத்தார்கள். தாயும் மகளும் அழுதார்கள், சிரித்தார்கள், என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டார்கள்.

"அப்பா பக்கத்துல இருக்காங்களாம்மா?" என்றாள் ஜாஸ்லின்.

எப்சிபாய் சுற்றிப் பார்த்தாள். "அப்பாவா? இங்க ஒரு சார்தான் நிக்காரு. நல்ல மனுஷன். எனக்குக் காப்பி போட்டுக் குடுக்காரு."

வேதமாணிக்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணம் திரும்பி வந்திருந்தது. பந்தல், பாட்டு, வெண்டைக்காய்ப் பச்சடி தீர்ந்துபோன சண்டை, எல்லாம் இருந்தது, பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையைத் தவிர. பிரசவம் திரும்பி வந்திருந்தது, ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய நின்றவரைத் தவிர. ஊரார் கொண்டுவந்த ஒவ்வொரு நாளிலும் அவர் நின்ற இடம், கத்திரியால் வெட்டி எடுத்த போட்டோ மாதிரி ஆள் வடிவத்தில் ஓட்டையாக இருந்தது. அவரைப் பற்றிய முதல் நாள் எதுவோ, அது வராமல் மற்றது ஒட்டாது. தையல்காரி மனசு. முதல் தையல் இல்லாமல் மேலே எதுவும் நிற்காது.

அது எந்த நாள் என்று அவருக்கே தெரியவில்லை. பாதிரியார் பெண் பார்க்கக் கூட்டிப்போன நாள் என்று நினைத்தார். அந்த நாளைச் சலவைக்காரர் கொண்டுவந்தார். அதிலும் பாதிரியார் இருந்தார், மிக்சர் இருந்தது, இவர் இல்லை.

இதற்குள் கண்டக்டர் இசக்கிமுத்து வந்தான். துளிர் வந்த முதல் நாளே தின்றவன். எப்சிபாயின் தகப்பனார் இறந்த நாள் அவனிடம் இருந்தது. துக்கத்தை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவன், ஒருநாள் துணிந்து முக்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தான். ஒன்றுமில்லை. முந்தின நாள்வரை இருந்தது இல்லை. எப்சிபாயிடமும் போய்ச் சேரவில்லை. காற்றில் போய்விட்டது.

ஷமீமா நோட்டைப் பார்த்தாள். "நேத்தோட நாப்பது நாளு," என்றாள்.

நாற்பது என்றால் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சர்ச்சில் நாற்பது நாள் உபவாசம், கோயிலில் ஒரு மண்டலம் என்றால் அதற்குச் சற்று மேலே, பள்ளிவாசலில் நாற்பதாம் நாள் பாத்திஹா. எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். கடைசித் துளிரைத் தின்றவருக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

அந்த ஆறு நாளும் வேதமாணிக்கம் வீடு தங்கவில்லை. யாரிடமும் நின்று பேசாதவர் ரேஷன் கடை வரிசையில் போய் நின்றார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்களை வாசலில் மறித்தார். பஸ் ஸ்டாண்டில், பால் சொசைட்டியில், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேளம் பேச வந்தவர்களிடத்தில், எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்.

"நான் யாருட்ட இருக்கேன்?"

ஊர் தன்னைத்தானே தடவிப் பார்த்தது. பாக்கெட்டைத் துழாவுகிற மாதிரி ஒவ்வொருவரும் மனதைத் துழாவினார்கள். இல்லை அண்ணாச்சி. இல்ல மாமா. எங்கிட்ட இல்லவே. வேதமாணிக்கம் கல்லூரிக்குப் போய் மரத்தில் கிளையோடு இலையை உருவித் தின்றார். இத்தனை வருஷமும் அவள் எவ்வளவு ஏசியும் தட்டோரம் ஒதுக்கியே வைத்த மனுஷன். வயிறு கலங்கியதுதான் மிச்சம்.

நாலாம் நாள் முத்துக்குட்டி சட்டை மாற்றி, தலை சீவி வந்தான். முக்காலியில் உட்கார்ந்து, "எனக்குக் கல்யாணம் ஆன புதுசு," என்று ஆரம்பித்தான். "என் வீட்டுக்காரரு தினமும் சாயங்காலம் எனக்கு மல்லிப்பூ வாங்கிட்டு வருவாரு. அவரே தலையில வச்சும் விடுவாரு."

மிஷின் நிற்கவே இல்லை. எப்சிபாய் திரும்பி வேதமாணிக்கத்தை மேலும் கீழும் பார்த்தாள். "பூவா? இந்தச் சாரா?"

வாசலுக்கு இழுத்துப்போய் வேதமாணிக்கம் கேட்டார். "நான் என்னைக்குவே பூ வாங்கினேன்?"

"வாங்கியிருந்தா இப்ப நான் ஏன் பொய் சொல்லப் போறேன்," என்றான் முத்துக்குட்டி. அவன் கண் கலங்கியிருந்தது. வேதமாணிக்கம் கையை எடுத்துவிட்டார்.

கடைசித் துளிருக்கு முப்பத்தொன்பதாம் நாள், யாரும் வராத நேரத்தில், அவரே அந்த முக்காலியில் உட்கார்ந்தார். பேசத் தெரிந்த ஆளாக இருந்தால் இந்த வீட்டில் எவ்வளவோ பேசியிருக்கலாம். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"எம் பேரு வேதமாணிக்கம்," என்றார். "உன் வீட்டுக்காரன்."

"அப்படியா சார்," என்றாள் எப்சிபாய். "சந்தோஷம்."

அவர் நினைவு அவருடையது. அது சொல்லி அவளுக்குப் போகாது. எழுந்து போய்க் காப்பி போட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாசலில் செருமல் கேட்டது. பெருக்குகிற அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"சாவி ஷமீமாட்ட இருக்கும்மா," என்றார்.

"சாவிக்கு வரல அட்டெண்டரய்யா."

"பின்ன?"

"அக்காட்ட ஒண்ணு குடுக்கணும்."

ஏழு நாளும் ஊர் வாசலெல்லாம் துளிர் வைத்துவிட்டுப் போனவள், கடைசி நாள், கட்டு அவிழ்த்து எல்லோருக்கும் போட்டது போக முந்தானையில் ஒட்டிக்கிடந்த நாலு இலையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழைய சோற்றுக்குத் தாளித்துத் தின்றிருக்கிறாள். அவளிடமும் ஒன்று இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆறு நாளாகத் தெருத்தெருவாகக் கேட்டவருக்கும் தோன்றவில்லை.

"உக்காரு," என்றாள் எப்சிபாய், துணி கொடுக்க வந்தவள் என்று நினைத்து. அவள் உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வேதமாணிக்கத்திடம் பேசினாள்.

"மொத நாளே தெரியும் எனக்கு, இது உங்களுதுன்னு. நீங்க கேட்டு அலையுறதயும் பாத்தேன். குடுக்க மனசு வரல. பெருக்கும்போது நெனச்சுக்கிடுவேன், பஸ்ஸுல நெனச்சுக்கிடுவேன், சோறு பொங்கும்போது நெனச்சுக்கிடுவேன். எனக்காவ ஒரு ஆளு சட்டையில ஓட்ட போட்டதில்ல அய்யா. எம் புருஷன் ஓட்ட போட்டதெல்லாம் இங்கதான்." வகிட்டுக்குப் பக்கத்தில் தொட்டுக் காட்டினாள். "இன்னைக்கு நாப்பது. நான் வச்சிருந்தாலும் நாளைக்கு எனக்கும் இருக்காது, அக்காவுக்கும் இருக்காது. அதான் வந்தேன்."

வேதமாணிக்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஓட்டை என்ற சொல் மட்டும் எங்கேயோ குத்தியது.

அவள் எப்சிபாய் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு இருபது வயசு. பஜார்ல தங்கப்பழம் டெய்லர் கடையில காஜா எடுத்துக்கிட்டு இருக்கேன். வெள்ளக் கோட்ட கையில வச்சுக்கிட்டு ஒரு ஆளு வாராரு. மொகம் கடுகடுன்னு இருக்கு. ஆசிட் பட்டு ஓட்ட விழுந்துட்டு, அடைக்கணும்ங்காரு. அடைச்சுக் குடுக்கேன். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, 'தையல் தெரியுது'ங்காரு. எனக்கு வந்த கோவத்துக்கு கத்திரியத் தூக்கி எறிஞ்சிருப்பேன். அடுத்த வாரம் திரும்ப வாராரு. இன்னொரு ஓட்ட. ஓரம் கருகவே இல்ல, கத்திரியால வெட்டுனது. ஒண்ணும் கேக்காம அடைச்சேன். மூணாவது வாரமும் வாராரு. இந்தத் தடவ ஓட்ட வட்டமா இருக்கு, மூடிய வச்சு வரஞ்ச கணக்கா. வட்டம் போடத் தெரிஞ்ச ஆசிட்டா இருக்கேன்னு கேக்க வாயெடுத்தேன். அந்த மொகத்தப் பாத்தேன். வேத்து ஒழுகுது. கேக்கல. நல்லா பட்டையா, தையல் தெரியுற மாதிரியே அடைச்சுக் குடுத்தேன். 'இப்ப?'ன்னு கேட்டேன். 'இப்பச் சரி'ன்னாரு. வீட்டுக்குப் போயி எங்கம்மாட்ட சொன்னேன். காலேஜ் அட்டெண்டர் வீட்டுலருந்து யாரும் பேச வந்தா, வேண்டாம்னு சொல்லிராதிய."

மிஷின் எப்போது நின்றது என்று வேதமாணிக்கம் கவனிக்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லேப்பில் தக்கையில் ஓட்டை போடுகிற பித்தளைக் குழல் ஒன்று உண்டு. ஒரு சனிக்கிழமை, துறையில் யாரும் இல்லாதபோது, நல்ல கோட்டை மேஜையில் விரித்து அதை வைத்துத் திருகியதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பாதிரியாரைப் போய்க் கெஞ்சியதும் அதற்குப் பிறகுதான். அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. ஒரு நாள்கூட அவள் காட்டிக்கொண்டதில்லை.

"என்ன முழிக்கிய?" என்றாள் எப்சிபாய். "தக்கையத் துளைக்கிற சாமான்தான அது?"

"ஆமா," என்றார்.

எப்சிபாய் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பார்க்கப் பார்க்க, ஊரார் திருப்பிக் கொடுத்த நாட்களில் ஆள் வடிவத்தில் கிடந்த ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைபட்டு வந்தன. பந்தலில் கழுத்து இறுகின சட்டையோடு ஒருவர் வந்து நின்றார், மிக்சர் தட்டுக்குப் பின்னால் வாய் திறக்காமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் விடிய விடிய நின்றார், மகளை முதன்முதலாகக் கையில் வாங்கி எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் லேப் தட்டைப் பிடிப்பதுபோல் நீட்டிப் பிடித்தார், முப்பத்தாறு வருஷம் தட்டோரம் கறிவேப்பிலையை ஒதுக்கி ஏச்சு வாங்கினார், எல்லாவற்றிலும் அதே கடுகடுப்போடு, அதே வியர்வையோடு.

"மெலிஞ்சு போனிய," என்றாள். "யாரு சமையல்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாசலில் நின்றவள் நாக்கைச் சப்புக்கொட்டினாள். "என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தேன். என்னன்னு வரல. நல்ல காரியம்தான்." சேலையை உதறிச் செருகிக்கொண்டு கிளம்பப் பார்த்தாள்.

"எங்க போற? நில்லு," என்றாள் எப்சிபாய். எழுந்து, கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, அவளைத் திருப்பி நிறுத்தித் தோளை அளந்தாள், கையை அளந்தாள், மார்பைச் சுற்றி அளந்தாள். அவள் கூச்சத்தில் நெளிந்து, "எனக்கு எதுக்கு அக்கா," என்றாள். ஆயுசில் அவளுக்கு யாரும் அளவெடுத்துத் தைத்ததில்லை. யாரோ கழித்ததைத்தான் இறுக்கியோ பிரித்தோ போட்டுக்கொண்டிருந்தாள்.

மிஷின் டிராயரில் இருந்து அளவு நோட்டு வந்தது. எப்சிபாய் புதுப்பக்கம் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பில் பெயர் எழுதி, அதன் கீழேதான் அளவு எழுதுவாள்.

"பேரு என்னன்னு போட?" என்றவள், அளவு கொடுத்தவளை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "உங்க கூடத்தான வேல பாக்காவ? சொல்லுங்க."

வேதமாணிக்கம் வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷம். தினமும் காலை ஏழு மணிக்கு லேப் கதவைத் திறந்தால் முதலில் பார்க்கிற முகம். ஏம்மா, இங்க கண்ணாடி கெடக்கு. ஏம்மா, அந்த வாளிய எடு. ஏம்மா, நாளைக்கு லீவு. அவ்வளவுதான் அவரிடம் இருந்தது. நின்று, யோசித்து, மறுபடி யோசித்து, அவர் அவளிடம் போனார். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

அவள் சிரித்துவிட்டாள். சொன்னாள்.

எப்சிபாய் பென்சிலை நாக்கில் தொட்டு, பக்கத்தின் தலையில் பெரிதாக எழுதி, கீழே கோடு போட்டாள்: உலகம்மாள்.